சுற்றிச் செல்லும் வழியும் திறந்து செல்லும் வழியும்: இதயத் தமனிச் சிகிச்சையின் வரலாறு



மொழியியல் பயின்றவன் மருத்துவ வரலாறு பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் தமக்கையாரை நெஞ்சுவலி காரணமாக மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். அவர் எழுபது வயதைக் கடந்தவர்; நீண்ட நாளாக நீரிழிவு உடையவர். ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்த மருத்துவர், இதயத்தின் மூன்று தமனிகளும் குறுகியிருக்கின்றன என்றும், பைபாஸ் அறுவை, ஸ்டென்ட் என இரு வழிகள் உண்டு என்றும் ஆங்கிலத்தில் விளக்கினார். அதைத் தமிழில் எடுத்துரைக்கும் பொறுப்பு எனக்கு வாய்த்தது.

“அக்கா, மூன்று இடத்தில் அடைப்பு இருக்கிறதாம். நெஞ்சைத் திறந்து அறுவை செய்தும் எடுக்கலாம், கைவழியே மெல்லிய குழாய் விட்டும் எடுத்துவிடலாம்” என்றேன்.

“நெஞ்சைத் திறக்காமலே எடுத்துவிடலாம் என்றால் அப்படியே செய்யச் சொல், தம்பி” என்றார் அவர்.

என் சொல்லை நம்பியவர் வேறு எந்த முடிவுக்கு வந்திருக்க முடியும்? மொழியியலில் முனைவர் பட்டம் பெற்ற நான் சொன்ன அத்தொடரில் ‘எடு’ என்னும் வினை இருமுறை வந்தது. இருமுறையும் பிழையாக வந்தது. பைபாஸ் அறுவையில் அடைப்பை எடுப்பதில்லை. ஸ்டென்ட் வைக்கும்போதும் எடுப்பதில்லை. முன்னது அடைப்பை அங்கேயே விட்டுவிட்டுச் சுற்றிச் செல்கிறது; பின்னது அதைச் சுவரோடு அழுத்தி ஒதுக்கிவிட்டு ஊடே செல்கிறது. அன்றிரவு வீடு திரும்பிய பின்னரே இவ்வேறுபாட்டைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். ‘அடைப்பு’ என்னும் சொல் நம் மனத்தில் வரையும் படத்தை மருத்துவ உலகமும் பல பத்தாண்டுகள் நம்பியிருந்தது என்பதையும், சோதனைகளே அதனைச் சிறிது சிறிதாகத் திருத்தின என்பதையும் அப்போது அறிந்தேன். அந்த வரலாற்றையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

சொல் தரும் படம்

இதயம் ஓயாது குருதியை இறைக்கும் தசை. ஆயினும் தன் அறைகளில் நிறைந்துள்ள குருதியிலிருந்து அது தனக்கு வேண்டிய உணவைப் பெறுவதில்லை. பெருந்தமனி தொடங்குமிடத்தில் பிரியும் இடத் தமனி, வலத் தமனி ஆகிய இரண்டுமே இதயத்தசையை ஊட்டுகின்றன. இடத் தமனியின் அடிமரம் சிறிது தொலைவிலேயே இரண்டாகக் கிளைப்பதால், மூன்று முதன்மைத் தமனிகள் என்று எண்ணுவது வழக்கம். இவை இதயத்தைச் சூழ்ந்து முடிபோல் அமைந்திருப்பதால், முடியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து ‘கரோனரி’ என்னும் பெயர் வந்தது. நம் கலைச்சொல்லாக்க அறிஞர்கள் ‘முடியுருத் தமனி’ என்று தந்ததும் அதனால்தான்.

மக்கள் வழக்கில் நின்ற சொல்லோ ‘அடைப்பு’. தமனி குறுகினால் அடைப்பு. திடீரெனத் தாக்கும் நோய் மாரடைப்பு. இரண்டிலும் ஒரே சொல் இருப்பதால், முன்னது முற்றினால் பின்னது வரும் என்றும், முன்னதை நீக்கினால் பின்னது வாராது என்றும் மனம் தானாகவே முடிவு செய்துகொள்கிறது. வீட்டுத் தண்ணீர்க் குழாயில் அழுக்குச் சேர்ந்து நீர் நிற்பதுபோன்ற படம் அது. அப்படம் பாதி உண்மை. மறுபாதியைக் கண்டறிய அரை நூற்றாண்டு ஆயிற்று.

காணக் கற்றல்

உயிரோடிருக்கும் மனிதரின் இதயத் தமனியைக் காண முடியாதவரை அதற்குச் சிகிச்சை செய்யவும் வழியில்லை. 1929ஆம் ஆண்டு ஜெர்மனியின் எபர்ஸ்வால்டு நகரில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்னும் இளம் மருத்துவர், தம் கைச் சிரைவழியே ஒரு மெல்லிய குழாயைத் தம் இதயம்வரை செலுத்தினார். அந்நிலையிலேயே எக்ஸ்கதிர் அறைக்கு நடந்து சென்று படமும் எடுத்துக்கொண்டார். அன்று அவருக்குக் கிடைத்தது பாராட்டன்று, கண்டனமே. 1956இல் வேறிருவரோடு அவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

அடுத்த படி தற்செயலாக நேர்ந்தது. 1958 அக்டோபரில் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் மருத்துவமனையில் மேசன் சோன்ஸ் என்பவர் பெருந்தமனியைப் படமெடுக்க முயன்றுகொண்டிருந்தார். குழாயின் முனை நழுவி வல இதயத் தமனியில் நுழைய, நிறமியின் பெரும்பகுதி அதனுள் பாய்ந்தது. நோயாளியின் இதயத் துடிப்பு சில நொடிகள் நின்றது. இருமச் சொன்னதும் மீண்டது. ஒரு தமனிக்குள் நேரே நிறமியைச் செலுத்தினால் இதயம் தாங்காது என்றிருந்த அச்சம் அன்றே அகன்றது. ஆஞ்சியோகிராம் பிறந்த கதை இதுதான்.

இங்கே ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். ஆஞ்சியோகிராம் காட்டுவது தமனியின் உள்ளே ஓடும் குருதியின் நிழலை. சுவருக்குள் என்ன படிந்திருக்கிறது என்பதை அது காட்டுவதில்லை.

சுற்றிச் செல்லும் வழி

அறுவை மருத்துவர்கள் அதற்கு முன்பே வழி தேடிக்கொண்டிருந்தனர். மார்பெலும்பின் உட்புறமாக இருபக்கமும் இறங்கும் உள்மார்புத் தமனியை எடுத்து நேரே இதயத்தசைக்குள் புதைத்து வைக்கும் முறையை, கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஆர்தர் வைன்பெர்க் 1950இல் மனிதருக்குச் செய்யத் தொடங்கினார். தமனியோடு தமனியை இணைக்கும் அறுவையை 1960இல் நியூயார்க்கில் ராபர்ட் கோட்ஸ் செய்தார். 1964இல் லெனின்கிராடு நகரில் வசிலி கோலெசோவ், உள்மார்புத் தமனியை இதயத் தமனியோடு தைத்து இணைத்தார்.

இம்முறையை உலகெங்கும் பரவச் செய்தவர் அர்ஜெண்டினா நாட்டு மருத்துவர் ரெனே ஃபவலோரோ. அவர் முதலில் ஒரு சிற்றூரில் பன்னிரண்டு ஆண்டுகள் பொது மருத்துவராகத் தொண்டாற்றியவர். நடுவயதை நெருங்கும்போது கிளீவ்லண்ட் சென்று, சோன்ஸ் சேர்த்துவைத்திருந்த ஆஞ்சியோகிராம் படச்சுருள்களை நாள்தோறும் அமர்ந்து பார்த்தார். 1967 மே மாதத்தில், நோயாளியின் காலிலிருந்து எடுத்த சிரையைக் கொண்டு, அடைபட்ட தமனிக்கு மாற்றுவழி அமைத்தார். 1971இல் தம் நாட்டுக்கே திரும்பி, அங்கே இதய மருத்துவத்தை வளர்த்தார். இந்தியாவில் முதல் பைபாஸ் அறுவை 1975இல், சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் மருத்துவர் கே. எம். செரியன் கைகளால் நடந்தது.

காலின் சிரை எளிதாகக் கிடைத்தது. ஆனால் சிரை தாழ்ந்த அழுத்தத்துக்கு இயற்கை வகுத்த குழாய். தமனியின் அழுத்தத்தைத் தாங்கித் தாங்கி அதுவும் தடிக்கிறது. பத்தாண்டு முடிவில் சிரை இணைப்புகளில் ஏறத்தாழப் பாதியே நன்கு திறந்திருக்கின்றன. உள்மார்புத் தமனி இணைப்புகளிலோ பத்தில் ஒன்பதுக்குமேல் திறந்திருக்கின்றன. 1980களின் நடுவில் இவ்வேறுபாடு தெளிவானபின், இடப்பக்க உள்மார்புத் தமனியை இதயத்தின் முன்புறத் தமனியோடு இணைப்பது பைபாஸ் அறுவையின் அடிப்படையாயிற்று.

திறந்து செல்லும் வழி

இரண்டாம் வழியின் கதை காலில் தொடங்குகிறது. 1964 சனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில், கால் அழுகத் தொடங்கியும் அதை வெட்டியெடுக்க இசையாத 82 வயது மூதாட்டி ஒருவருக்கு, சார்லஸ் டாட்டர் என்னும் கதிரியக்க மருத்துவர் தொடைத் தமனியின் குறுக்கத்தைக் குழாய்களைச் செலுத்தியே விரித்தார். மூதாட்டி தம் சொந்தக் காலில் நடந்தே வீடு சென்றார்.

டாட்டரின் முறையைக் கற்ற ஆண்ட்ரியாஸ் குரூன்சிக் என்னும் ஜெர்மானியர், குழாயின் நுனியில் சிறு பலூனைப் பொருத்தும் எண்ணம் கொண்டார். சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில், தம் வீட்டுச் சமையலறை மேசையில் அமர்ந்து, முதல் பலூன்களைத் தாமே செய்தார். 1977 செப்டம்பர் 16 அன்று, 38 வயது நோயாளி ஒருவரின் இதயத் தமனியில் பலூனை ஊதி வழி திறந்தார். நோயாளி விழித்திருந்தார், நெஞ்சு திறக்கப்படவில்லை. அம்மருத்துவரின் வயதும் அப்போது 38தான். எட்டாண்டுகளுக்குப்பின் விமான விபத்தில் குரூன்சிக் உயிரிழந்தார்.

பலூனுக்கு ஒரு குறை இருந்தது. விரித்த இடம் சிலருக்கு உடனே சுருங்கியது. வேறு சிலருக்குச் சில திங்களில் உள்ளே தழும்பு வளர்ந்து மீண்டும் குறுகியது. ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு ஆறு மாதத்துக்குள் இவ்வாறு நேர்ந்தது. விரித்த சுவரைத் தாங்கி நிற்க ஒரு சாரம் தேவைப்பட்டது. 1986இல் பிரான்சின் துலூஸ் நகரில் ழாக் புயெலும், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உல்ரிக் சிக்வார்ட்டும் மனித இதயத் தமனியில் உலோக வலைக்குழாய்களை வைத்தனர். அதுவே ஸ்டென்ட்.

இப்பெயரின் வரலாறு சொல்லாராய்ச்சி செய்வோர்க்கு விருந்து. சார்லஸ் ஸ்டென்ட் என்பவர் 19ஆம் நூற்றாண்டில் இலண்டனில் வாழ்ந்த பல் மருத்துவர். பல்லின் அச்சு எடுப்பதற்கான ஒரு கலவையை 1856இல் உருவாக்கியவர். முதல் உலகப் போரின்போது எஸ்ஸர் என்னும் டச்சு அறுவை மருத்துவர், முகம் சிதைந்த வீரர்களுக்குத் தோல் ஒட்டும்போது, ஒட்டிய தோலைத் தாங்கி நிறுத்த அக்கலவையைப் பயன்படுத்தினார். ‘தாங்கி நிற்பது’ என்னும் பொருள் அப்பெயரில் அப்போது ஏறியது. இதயத்தை ஒருபோதும் தொட்டறியாத ஒரு பல் மருத்துவரின் குடும்பப்பெயர், இன்று நம் பாட்டிமார் நாவிலும் புழங்குகிறது. பொருள் மாற்றத்துக்கு இதைவிட நல்ல சான்று வகுப்பறையில் காட்ட எனக்குக் கிடைத்ததில்லை.

உலோக வலையாலும் தழும்பு வளர்ச்சியை முற்றிலும் தடுக்க இயலவில்லை. 1999 இறுதியில் பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரில் எட்வார்டோ சௌசா, தழும்பைத் தடுக்கும் மருந்து பூசிய ஸ்டென்டை முதன்முதலாக நோயாளிக்கு வைத்தார். ‘ராப்பாமைசின்’ எனவும் வழங்கும் அம்மருந்து, ராப்பா நூயி என்று அங்குள்ளோர் அழைக்கும் ஈஸ்டர் தீவின் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து கிடைத்தது. தீவின் பெயர் மருந்தின் பெயரில் இன்றும் வாழ்கிறது.

இரண்டையும் நிறுத்துப் பார்த்தல்

நெஞ்செலும்பைப் பிளந்து, பல வாரம் ஓய்வெடுக்க வேண்டிய அறுவை ஒருபுறம்; ஓரிரு நாளில் வீடு திரும்பும் சிகிச்சை மறுபுறம். பயன் ஒன்றே என்றால் முன்னதை யார் விரும்புவார்? பயன் ஒன்றுதானா என்பதை அறிய, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள்.

1996இல் வெளிவந்த ‘பாரி’ ஆய்வு 1,829 நோயாளிகளிடையே பைபாஸையும் பலூனையும் ஒப்பிட்டது. மொத்தத்தில் ஐந்தாண்டு உயிர்வாழ்வில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. ஆனால் நீரிழிவுக்கு மருந்து எடுத்துக்கொண்டவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோது, பைபாஸ் பெற்றவர்களில் ஏறத்தாழ 81 விழுக்காட்டினரும் பலூன் பெற்றவர்களில் ஏறத்தாழ 66 விழுக்காட்டினரும் ஐந்தாண்டுக்குப்பின் உயிரோடிருந்தனர். மருந்து பூசிய ஸ்டென்ட் வந்தபின் இவ்வேறுபாடு மறையும் என்று பலர் எதிர்பார்த்தனர். நீரிழிவும் பல தமனிக் குறுக்கமும் உடைய 1,900 பேரிடம் நடந்த ‘ஃப்ரீடம்’ ஆய்வு 2012இல் வெளிவந்தது. ஐந்தாண்டில் ஸ்டென்ட் பிரிவில் 16.3 விழுக்காட்டினரும் பைபாஸ் பிரிவில் 10.9 விழுக்காட்டினரும் இறந்தனர். ஆனால் பக்கவாதம் பைபாஸ் பிரிவில் 5.2 விழுக்காடு, ஸ்டென்ட் பிரிவில் 2.4 விழுக்காடு. அறுவைக்கும் ஒரு விலை உண்டு என்பதை இவ்வெண்கள் மறைக்கவில்லை.

2009இல் வெளிவந்த ஓர் ஆய்வின் பெயர் ‘சின்டாக்ஸ்’. தொடரியலைக் குறிக்கும் சொல் அது. கேட்டதும் என் துறைக்கு வந்துவிட்டார்களோ என்று நினைத்தேன். பொருந்தாத பெயரும் அன்று. எத்தனை குறுக்கம் என்று எண்ணுவதோடு நில்லாமல், குறுக்கம் எந்தத் தமனியில் எந்த இடத்தில் நிற்கிறது, கிளை பிரியுமிடத்திலா, வளைவிலா, எவ்வளவு நீளம் என்றெல்லாம் பார்த்து மதிப்பெண் தரும் முறையை அவ்வாய்வு வகுத்தது. ஒரு சொல்லின் பணியைத் தொடரில் அது நிற்கும் இடம் காட்டுவதுபோல, ஒரு குறுக்கத்தின் கொடுமையை அது நிற்கும் இடம் காட்டுகிறது. மூன்று தமனி அல்லது இடத் தமனியின் அடிமரம் பாதித்த 1,800 பேரிடம் நடந்த அந்த ஆய்வில், மதிப்பெண் குறைந்தவர்களுக்கு இரு சிகிச்சைகளும் ஏறத்தாழச் சமமாக இருந்தன. மதிப்பெண் மிகுந்தவர்களுக்குப் பைபாஸ் மேலாக இருந்தது. மீண்டும் சிகிச்சை செய்துகொள்ள வேண்டிய நிலை ஸ்டென்ட் பெற்றவர்களிடம் மிகுதி.

இன்னும் ஆழமான கேள்வியும் எழுந்தது. நிலையான நெஞ்சுவலி உடையவர்க்கு நல்ல மருந்துகளைக் கொடுத்துவிட்டு, அதற்குமேல் ஸ்டென்டும் வைத்தால் ஆயுள் நீளுமா? 2,287 பேரிடம் நடந்த ‘கரேஜ்’ ஆய்வு, இறப்பையோ மாரடைப்பையோ அது குறைக்கவில்லை என்று 2007இல் காட்டியது. 5,179 பேரிடம் நடந்து 2020இல் வெளிவந்த ‘இஸ்கீமியா’ ஆய்வும், முதலிலேயே ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்வதால் இறப்பு குறையவில்லை என்றே கண்டது. நெஞ்சுவலி மிகுதியாக இருந்தவர்க்கு வலி தணிந்தது.

அந்த வலி தணிவிலும் நம்பிக்கைக்கு ஒரு பங்கு உண்டா என்ற ஐயம் புதிதன்று. 1950களில் நெஞ்சுவலிக்காக உள்மார்புத் தமனியைக் கட்டிவிடும் ஒரு சிறு அறுவை பரவியிருந்தது. 1959இல் 17 பேரிடம் சோதித்தார்கள். சிலருக்குத் தமனியைக் கட்டினார்கள், சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்தார்கள். இரு சாராரும் ஒரேபோல் நலமடைந்ததாகச் சொன்னார்கள். அந்த அறுவை அத்தோடு மறைந்தது. அன்று கட்டிப்போட்ட அதே தமனிதான் பின்னாளில் பைபாஸின் தலைசிறந்த இணைப்பாயிற்று. 2017இல் பிரிட்டனில் 200 பேரிடம் நடந்த ‘ஓர்பிட்டா’ ஆய்வு அதே துணிவை ஸ்டென்டிடமும் காட்டியது. மருந்து உண்டுவந்தவர்களிடையே, ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் வைத்ததாக நம்பியவர்களுக்கும் உடற்பயிற்சித் திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. 2023இல் வந்த அதன் தொடர்ச்சி, வலி மருந்துகளை நிறுத்திவிட்டுச் சோதித்தபோது ஸ்டென்ட் உண்மையாகவே வலியைத் தணிக்கிறது என்று கண்டது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் உண்மை முழுமை பெறும்.

படத்தின் மறுபாதி

இவ்வளவும் ஏன் இப்படி என்பதற்கு விளக்கம் தமனியின் சுவரில் இருக்கிறது. கொழுப்புப் படிவு ஓரிடத்து அழுக்கன்று. தமனி நெடுகச் சுவருக்குள் பரவிய நோய். மாரடைப்பு பெரும்பாலும், படிவின் மெல்லிய மூடி கிழிந்து, அங்கே குருதி உறைந்து தமனியை முற்றாக மூடுவதால் நேர்கிறது. கிழியும் படிவு, படத்தில் மிகக் குறுகலாகத் தெரிந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. ஸ்டென்ட் தான் நிற்கும் இடத்தைத் திறந்து வைக்கிறது. பைபாஸ் நோயுற்ற நீளத்தைத் தாண்டிச் சென்று இணைவதால், இன்றைய குறுக்கத்தோடு, அதே நீளத்தில் நாளை நேரக்கூடியதற்கும் ஓரளவு காவலாகிறது. தமனி நெடுகப் படிவு பரவும் நீரிழிவு நோயாளிக்குப் பைபாஸ் மேலாக நிற்பதன் காரணம் இதுவே என்று கருதுகிறார்கள். சுவரின் நோயை ஆற்றுப்படுத்துவதோ மருந்தும் உணவும் நடையும் புகை விடுதலுமே. இரண்டு சிகிச்சைக்குப் பின்னும் அவை தொடர வேண்டும்.

ஆனால் மாரடைப்பு நேர்ந்துகொண்டிருக்கும் வேளை வேறு. அப்போது தமனி உண்மையிலேயே மூடிக்கிடக்கிறது. நிமிடத்துக்கு நிமிடம் தசை மடிகிறது. விரைந்து பலூனும் ஸ்டென்டும் கொண்டு வழி திறப்பது அங்கே உயிர் காக்கிறது. அடைப்பு என்னும் சொல் தன் முழுப் பொருளில் நிற்கும் இடம் அது. ஒரே சொல் இரு நிலைக்கும் வழங்குவதால், ஒன்றின் அவசரத்தை மற்றொன்றின்மேல் ஏற்றிவிடுகிறோம்.

நான்காம் வேற்றுமை

மறுநாள் காலை தமக்கையாரிடம் சென்று, நேற்று நான் சொன்னது பிழை என்றேன். “எதையும் எடுக்கமாட்டார்கள், அக்கா. ஒன்று, பக்கத்தில் புது வழி போடுவது. மற்றொன்று, இருக்கிற வழியை விரித்துத் தாங்கு கொடுப்பது” என்று விளக்கினேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, “எது நல்லது என்று நீ கேட்டது போதும். என் உடம்புக்கு எது நல்லது என்று கேள்” என்றார்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திய என் தமக்கையார் கேட்டது நான்காம் வேற்றுமையில் அமைந்த கேள்வி. ‘எது சிறந்தது’ என்னும் வினாவுக்கு அரை நூற்றாண்டு ஆய்வும் விடை தரவில்லை. ‘யாருக்கு, எந்த நிலையில், எதன்பொருட்டு’ என்று குவ்வுருபு சேர்ந்த வினாவுக்கே விடை கிடைத்தது. இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் ஒன்றாக அமர்ந்து பேசி, நீரிழிவையும் மூன்று தமனியையும் கணக்கில் கொண்டு, பைபாஸைப் பரிந்துரைத்தனர். அவர் இசைந்தார். தேறிவர மூன்று மாதமாயிற்று. காலில் சிரை எடுத்த தழும்பு இன்றும் இருக்கிறது. மாலையில் நடக்கவும் செல்கிறார். வேறொருவருக்கு, ஒரே தமனியில் ஒரு சிறு குறுக்கம் உள்ளவருக்கு, விடை ஸ்டென்டாகவோ மருந்து மட்டுமாகவோ இருந்திருக்கும்.

மாணவச் செல்வங்களே, உங்களில் பலர் நாளை உங்கள் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் மருத்துவமனையில் மொழிபெயர்த்துச் சொல்லப்போகிறவர்கள். அங்கே நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு வினைச்சொல் ஒருவரின் முடிவை மாற்றக்கூடும். உங்களுக்கே விளங்காததை விளங்கியதுபோல் சொல்லாதீர்கள். மருத்துவரிடம் மீண்டும் கேளுங்கள். ஆசிரியப் பெருமக்களே, வேற்றுமை உருபுகளை நடத்தும் நாளில் ‘கு’ என்னும் உருபுக்கு இந்தக் கதையையும் ஓர் எடுத்துக்காட்டாகச் சொல்லுங்கள்.